பருந்துப் பரண்

போன கிழமை எங்கள் நாவற்குடா ஒழுங்கையில், பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடிப் படிக்கு இரும்புக் கைபிடி போட்டார்கள். விடிந்த கையோடு வெல்டிங் தொடங்கிவிட்டது. சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தப் போனேன். அதற்கு முன்பே மணம் உள்ளே வந்துவிட்டது. சூடேறிய இரும்பும் கருகிய பெயின்றும் கலந்த மணம். பலருக்கு அதனால் தலையிடி வரும். எனக்கு வந்தது வேறொன்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். அலுவலகத்துக்குப் பிந்திப் போய், "வயித்துக் குத்து சேர்" என்று மனேச்சரிடம் ஒரு பொய்யும் சொன்னேன். வெல்டிங் மணத்தால் பிந்திவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்கு இப்போது வாகனக் காப்புறுதியில் வேலை. நெளிந்த பம்பரையும் உடைந்த கண்ணாடியையும் படம் எடுத்து, எது விபத்தில் நெளிந்தது, எது அதற்கு முன்பே நெளிந்திருந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள் செய்யும் வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மா செத்துப்போகும் வரைக்கும் அதைத்தான் கேட்டார். ஆனால் இந்தப் பிறப்பில் நான் உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறேன் என்றால், அது பருந்துக்கு வீடு கட்டியது ஒன்றுதான். அந்த வீட்டுக்குத்தான் அந்த இரும்பு மணம்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பட்டம் எடுத்துவிட்டு வேலையில்லாமல் நின்ற என்னைப் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் ஒருவர் தன் சின்னத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். அவரை நாங்கள் வெறுமனே சேர் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர்களைச் சுற்றிய உப்பு வாவியில் பெரிய பருந்துகள் குறைந்துகொண்டு வந்தன. புத்தகத்தில் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு என்று இருக்கும். கரையில் அதற்குப் பெரிய பருந்து என்றுதான் பெயர். சாம்பல் முதுகு, பால்போல வயிறு, சிறகை விரித்தால் ஓர் ஆளைவிட நீளம். இவ்வளவு கம்பீரத்துக்கும் குரல் மட்டும் வாத்துக் கத்துவதுபோல இருக்கும். கடவுள் சில இடங்களில் இப்படித்தான் கையை விட்டுவிடுகிறார்.

அந்தப் பருந்து கண்ட மரத்தில் கூடு கட்டாது. உயர்ந்த, கிளை பரந்த ஒரு மரம் வேண்டும். கிடைத்துவிட்டால் வருடா வருடம் அதே கூட்டில் சுள்ளி மேல் சுள்ளி வைத்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட மரங்கள் எங்கள் கரைகளில் அருகிவிட்டன. பார்வையை மறைக்கிறது என்று சண்டைக் காலத்தில் வெட்டியது ஒரு பங்கு. சூறாவளி சாய்த்தது ஒரு பங்கு. மிச்சம் இருந்ததை வீதி அகலிக்கிறோம் என்று அறுத்தார்கள்.

எங்கள் கரை என்று நான் சொல்லும் அந்த இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். அங்கே ஒரு மருதமரம் நின்றிருந்தது. நான் போனபோது அறுத்த அடி மட்டும் ஈரமாகக் கிடந்தது. அதற்கு மேலே, வெறும் ஆகாயத்தில், ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. காலில் ஒரு சுள்ளி. மரத்தின் உச்சி இருந்த உயரத்துக்கு இறங்கும், நிற்க இடம் இல்லாமல் மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். கடைசியில் சுள்ளி காலை விட்டு நழுவி வாவிக்குள் விழுந்தது. நான் அழுதேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும். மூக்கு மட்டும் ஒழுகியது.

மரம் இல்லாத இடத்தில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஒரு பரண் கட்டிக் கொடுத்தால் பருந்து வரும் என்றார் சேர். வேறு நாடுகளில் வந்திருக்கிறதாம். அதைச் செய்யத்தான் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கு, றபீக் காக்காவின் இரும்புப் பட்டறைக்குப் போனேன். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.

பட்டறை என்பது ஒரு தகரக் கொட்டில். வாசலில் அரைகுறைக் கேற்றுகள் சாத்தியிருக்கும். காக்கா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சேர் கீறித் தந்த படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி, மணவறையா?"

"பருந்துக்குக் கூடு வைக்க, காக்கா."

"பருந்துக்கா?" படத்தை மறுபடி பார்த்தார். "மனிசன் வீடில்லாமக் கிடக்கான். நீங்க பருந்துக்கு வீடு கட்டுறீங்க. நல்லா இருக்கு."

செய்து கொடுக்கமாட்டார், கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தேன். அவர் படத்தை விடவில்லை. "அது காலால புடிச்சிக்கிட்டுத்தானே நிக்கும்? அப்ப இந்த ஓரமெல்லாம் கூரா இருந்தா அறுக்குமே," என்றார். பிறகு வந்த நாட்களில் அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு விளிம்பையும் தேய்த்து மழுக்கினார். அந்தத் தேய்ப்பு மணமும் பொறியும்தான் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "காக்கா பருந்துக்குக் கட்டில் அடிக்கார்" என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே தேய்ப்பார்.

கம்பத்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோய் நட ஆள் வேண்டும். அப்படித்தான் தங்கராசா அண்ணன் வந்தார். அந்தக் கரையில் வலை வீசிப் பிழைத்தவர். மருதமரம் நின்ற காலத்தில் அதன் கீழேதான் தோணியை இழுத்து வைத்திருந்தார். கரைக்கு எதிரே, சதுப்பில் வளரும் கண்ணா மரங்கள் மண்டிய ஒரு சின்னத் திட்டு இருந்தது. வாவி வற்றிய மாதத்தில் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பலகை போட்டு, கம்பத்தைக் கிடத்தி, அந்தத் திட்டுக்குக் கொண்டுபோனோம். ஒரு தோணியில் காக்கா, மற்றதில் அண்ணன், நடுவில் கம்பத்தோடு கம்பமாக நான்.

"மச்சான், உண்ட பக்கம் தாழுது," என்பார் காக்கா.

"என்ட பக்கமில்ல, உண்ட வயித்துப் பக்கம்தான் தாழுது," என்பார் அண்ணன்.

அதற்கு முதல் நாள்தான் இருவரும் ஒருவரை ஒருவர் முதல் தரம் கண்டவர்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு தமிழனும் ஒரு முஸ்லிமும் ஒரே நாளில் மச்சான் ஆகிவிட முடியும். அதை நான் கண்ணால் கண்டேன். அதனால்தான் பிறகு கண்டதையும் என்னால் தாங்க முடியவில்லை.

கம்பம் நிமிர்ந்து நின்றதும் தோணிகளில் வந்து ஊர் கூடிவிட்டது. கம்பத்தின் உச்சியில் பரண் என்றால் எங்கள் சனத்துக்கு ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். "புள்ள, இது சென்றியா? ஆரு ஏறி இருக்கப் போறா?" என்று ஒரு அம்மா கேட்டார். காவற்கோபுரங்களுக்குக் கீழே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் வேறு எப்படிக் கேட்பார்? பருந்து என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில், படித்த பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற இரக்கம் இருந்தது.

இரண்டு சிப்பாய்களும் சைக்கிளைக் கரையில் போட்டுவிட்டுத் தோணியில் வந்தார்கள். மேலே காட்டி என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தைக் கூட்டிப் பெருக்கி, "குருல்லன்ட கெதர" என்றேன். குருவிகளுக்கு வீடு. ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்காமல் கம்பத்தைச் சுற்றிக் கட்டியிருந்த தகரத்தைக் காட்டி, அது என்ன என்றான். மரநாயும் உடும்பும் ஏறாமல் இருக்க என்பதை என் சிங்களத்தில் சொல்ல முடியாது. அண்ணன் உடும்புபோலக் கையையும் காலையும் விரித்துக் கம்பத்தில் ஏறி, தகரத்தில் வழுக்கி விழுந்து காட்டினார். அதற்கு இரண்டாவது சிப்பாயும் சிரித்துவிட்டான்.

பரணில் சுள்ளிகளை அடுக்கிக் கட்டியபின் இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. பருந்து பழைய கூடு என்று நம்ப வேண்டுமானால், விளிம்பில் எச்சம் வழிந்திருக்க வேண்டும் என்றார் சேர். சுண்ணாம்பைக் கரைத்து வாளியில் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறியது நான்தான். கீழேயிருந்து இரண்டு பேரும் ஆலோசனை சொன்னார்கள். "தங்கச்சி, கொஞ்சம் நீட்டா விடுங்க, இன்னும் ஒள்ளம், அது நேரா வழியும்." "புள்ள, அது காகம் பேண்ட மாதிரி இருக்கு, பெருசா விடு." விலங்கியல் பட்டதாரி ஒருத்தி, வாவிக்கு நடுவில், கம்பத்தின் உச்சியில், பருந்தின் பீயை வரைந்துகொண்டிருந்தாள். அம்மா அதைப் பார்க்கவில்லை என்பது ஒரு நிம்மதி.

முதல் வருடம் பருந்து வரவில்லை. நீர்க்காகங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்து சிறகு உலர்த்தின. நான் சுண்ணாம்பில் வரைந்ததற்கு மேலே அவை அசலையே போட்டன. பிறகு திட்டம் முடிந்தது. சேர் மேற்படிப்பு என்று வெளிநாடு போனார், அங்கேயே தங்கிவிட்டார். எனக்குக் காப்புறுதி வேலை கிடைத்தது. பரணைப் பார்க்கும்படி எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மாரி தொடங்குவதற்கு முன்னால் ஒரு லீவு நாளில் மூன்று பேரும் கரையில் கூடிவிடுவோம். காக்கா கம்பத்தை நாலு பக்கமும் இழுத்துப் பிடித்த இழுவைக் கம்பிகளை முறுக்குவார், துருவைச் சுரண்டிப் பெயின்ற் பூசுவார். அண்ணன் புதுச் சுள்ளி வெட்டி வருவார். மத்தியானம் அண்ணனின் மனைவி பிட்டும் மணலை மீன் குழம்பும் தருவார். காக்கா காத்தான்குடியிலிருந்து மஸ்கட் அல்வா கொண்டுவருவார், கையெல்லாம் நெய். வராமல் இருந்தால் என்னவோ மாதிரி இருந்திருக்கும்.

மூன்றாவது மாரியோ நான்காவதோ, நான் அலுவலகத்தில் ஒரு லொறிக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தபோது அண்ணனின் அழைப்பு வந்தது.

"புள்ள, சுள்ளி கொண்டு போகுது."

"என்ன அண்ணன்?"

"பருந்து, புள்ள! சுள்ளி கொண்டு பரணுக்குப் போகுது. ரெண்டும் வந்திருக்கு."

லொறிக்காரருக்கு அன்றைக்கு அவர் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். காக்காவுக்குச் சொன்னபோது "நம்மட வீட்டுக்கு ஆள் வந்துட்டு," என்றார். அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கரைக்கு வந்து, அண்ணனோடு தோணி விளிம்பில் உட்கார்ந்து, பொழுது சாயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வருடம் ஒரு குஞ்சு பறந்தது. அடுத்த வருடமும். கரையில் அதற்கு மரியாதை வந்துவிட்டது. பாசிக்குடாவுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் வழியில் வான் வண்டியை நிறுத்தினால், அண்ணன் தன் சொந்தக் காணியைக் காட்டுவதுபோலக் காட்டுவார். "நானும் காத்தான்குடி மச்சானும் போட்ட" என்பார். என்னைச் சொல்ல மறந்துவிடுவார். அதில் எனக்குக் கோபம் இருந்தது. இன்றைக்கு நினைத்தால், அந்தக் கோபத்துக்குக்கூட மனம் ஏங்குகிறது.

பிறகு அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. நகரத்தில் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், நான் விவரிக்கப் போவதில்லை. ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வாசலில் நின்ற நேரம். தங்கராசா அண்ணனின் அக்கா மகள் அதில் ஒருத்தி. பருந்துக் குஞ்சைப் பார்க்க என் தூரக் கண்ணாடியை இரவல் வாங்கி, திருப்பித் தர மனமில்லாமல் தருகிற பிள்ளை.

குண்டைக் கொண்டுவந்தவன் காத்தான்குடியான் என்று பேச்சு வந்தது. அவன் ஒருவன். ஆனால் அடுத்த நாள் விடிந்தபோது அந்த ஊரே அவனாகிவிட்டது.

காக்கா எனக்கு அழைத்தார். அவர் குரலை எனக்கு மட்டுப்பிடிக்க முடியவில்லை. "தங்கச்சி, தங்கராசாட அக்காட புள்ளயாமே. நான் வரணும். வரலாமா?"

"இப்ப வேணாம் காக்கா," என்றேன். "ஒள்ள நாள் போகட்டும்."

"ஓம்," என்றார். "அதுவும் சரிதான்." வைத்துவிட்டார்.

செத்தவீட்டில் நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வாசல் தூணைப் பிடித்தபடி நின்றார். யார் வந்து கையைப் பிடித்தாலும் கையைக் கொடுத்தார். கண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை.

அதன் பிறகுதான் பரணைப் பற்றிய பேச்சு தொடங்கியது. அவ்வளவு உயரத்தில் எதற்குப் போட்டவன் அந்தப் பட்டறைக்காரன்? மாரிக்கு மாரி வந்து ஏறினானே, எதைப் பார்த்தான்? மேலே கமெரா இருக்கிறதாம். கம்பத்துத் தகரம் வெயிலில் மின்னுகிறதே, அது யாருக்கோ காட்டுகிற அடையாளமாம். முன்பு சென்றியா என்று கேட்ட அதே வாய்கள், இப்போது அது சென்றிதான் என்று முடிவுசெய்துவிட்டன. பருந்து வருடக்கணக்காக அதில் குடியிருந்தது யாருக்கும் கண்ணில் படவில்லை.

அந்த வருடக் குஞ்சு பறக்கும் பருவத்தில் இருந்தது. உடம்பு முழுக்கப் பழுப்புச் சிறகு. பரணின் விளிம்பில் நின்று சிறகை அடித்துப் பார்க்கும், பயந்து மறுபடி உட்காரும். இன்னும் கொஞ்ச நாள்தான். பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு காலையில் ஸ்கூட்டரில் போனேன். வழியெல்லாம் சோதனை. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தோணிகள் திட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஆட்களின் கையில் குறடும் அரமும். கடைசித் தோணி அண்ணனுடையது. அது இன்னும் கரையில்தான் நின்றது. அவர் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்த் தோணியின் விளிம்பைப் பிடித்தேன்.

"அண்ணன், என்ன செய்யப் போறீங்க?"

"கைய எடு புள்ள."

"அதில ஒண்டுமில்ல அண்ணன். உங்களுக்குத் தெரியும். நீங்கதானே கூட நிண்டு போட்ட."

"எனக்கு ஒண்டும் தெரியா. என்னோட கதைக்காத."

"குஞ்சு இருக்கு அண்ணன். இன்னும் பறக்கல்ல."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். செத்தவீட்டில் யாருக்கும் கொடுக்காத கண்.

"எங்கட குஞ்சும் பறக்கல்ல," என்றார்.

என் கை தானாகத் தோணியை விட்டுவிட்டது. அதற்கு ஒரு பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

கரையில் நின்று பார்த்தேன். பருந்துகள் இரண்டும் மேலே சுற்றிக் கத்தின. அந்த வாத்துக் குரல் அன்றைக்குச் சிரிப்பாக இல்லை. இழுவைக் கம்பி ஒன்று அறுந்து விசிறியது. கம்பம் முதலில் அசையவே இல்லை. பிறகு, தூக்கம் வந்த ஆள் சாய்வதுபோல மெதுவாகச் சாய்ந்தது. குஞ்சு சிறகை விரித்தது. பறந்துவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன். அது பரணோடு சேர்ந்தே போனது. ஆட்கள் கூவினார்கள். ஒரு பெரிய வேலையை முடித்தவர்கள்போல ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். கமெராவைத் தேடினார்கள். கிடைத்தது நீர் ஊறிய சுள்ளியும் மீன் முள்ளும்.

எல்லோரும் திரும்பிய பிறகு அண்ணனின் தோணி வந்தது. அவர் சாரத்தின் மேல் கட்டியிருந்த துவாயைக் காணவில்லை. அது தோணிக்குள் ஒரு பொதியாகக் கிடந்தது. தூக்கிக் கொண்டுவந்து என் காலடியில் மணலில் வைத்தார். துவாய்க்குள் சேறு பூசிய ஒரு தலை, மஞ்சள் கலந்த பழுப்புக் கண், திறந்தபடி.

குஞ்சை ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு சோதனையிலும் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறக்கும்போதெல்லாம் அது வாயைப் பிளந்தது. யாரையும் கொத்தவில்லை.

பின்னேரம் காக்கா அழைத்தார். கரையில் நடந்த செய்தி அவருக்கும் போயிருந்தது.

"குஞ்சு எப்படி தங்கச்சி?"

"உசிரோட இருக்கு. ஒரு சிறகு தொங்குது."

"யாரு வெட்டின?"

"கன பேர் போன. தெரியா காக்கா."

"கம்பம் எந்தப் பக்கம் விழுந்த?"

"தெற்கால."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "வடக்கால கல்லு. தெற்கால சேறு. எப்பயாவது இறக்கிறதெண்டா வடக்குக் கம்பிய விட்டுத் தெற்கால சாய்க்கிற எண்டு நானும் தங்கராசாவும்தான் கதைச்சு வச்ச. மத்த ஆளுக்கு அது தெரியா." பிறகு, "சேத்துப் பக்கமா விழுத்தியிருக்கான்," என்றார். அது குற்றச்சாட்டா, நன்றியா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. "அவன்ட புள்ளைக்கு நான் ஒண்டும் செய்யல்லயே தங்கச்சி," என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. நல்ல பருத்த குரல் அவருக்கு. அது உடைந்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

தெரிந்த மிருக வைத்தியர் ஒருவர் வந்து சிறகை வைத்துக் கட்டினார். உள்ளே அடிபட்டிருக்கிறது, சொல்ல முடியாது என்றார். யப்பான் மீனைக் கீறிக் கீறி ஊட்டினேன். முதலில் தின்றது, பிறகு வாய்க்குள் வைத்துக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் இல்லை. ஒரு காலையில் பெட்டியைத் திறந்தபோது அது வாயைப் பிளக்கவில்லை. வளவில் தென்னைக்குப் பக்கத்தில் புதைத்தேன். அண்ணனின் துவாயைத் தோய்த்துக் காயவைத்தேன். திருப்பிக் கொடுப்பதா, எறிவதா என்று தெரியாமல் அது கன நாள் கொடியிலேயே கிடந்தது. கடைசியில் ஒரு காற்று நாளில் காணாமல் போனது.

பெரிய பருந்துகள் இரண்டும் திட்டுக்கு மேலே சில கிழமைகள் சுற்றியதாகச் சொன்னார்கள். பிறகு வரவில்லை.

காக்காவின் பட்டறைக்குத் தமிழ் ஊர்களிலிருந்து வரும் கேற்று வேலையும் ஜன்னல் வேலையும் நின்றுபோயிற்று. பிறகு கொரோனா வந்தது, அதன் பிறகு பெற்றோல் இல்லாத காலம். இப்போது அவர் கட்டாரில், யாருடையவோ கட்டடங்களுக்குக் கம்பி ஒட்டுகிறார். பெருநாளைக்கு ஓர் அழைப்பு வரும். வெப்பத்தைப் பற்றிச் சொல்வார், பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்வார். பருந்தைப் பற்றிச் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, இறங்காமல் வைத்துவிடுவோம்.

அந்தக் கரைக்கு நான் பல வருடங்கள் போகவில்லை. போன மாதம் ஓர் ஓட்டோ விபத்து, வண்டி அங்கே நிற்கிறது, போய்ப் படம் எடு என்றார்கள். போனேன். மருதமரம் நின்ற இடத்தில் ஒரு குளிர்பானக் கடை. திட்டில் இருந்த கண்ணா மரங்கள் கூட இல்லை. யாரோ இறால் வளர்க்கிறோம் என்று வெட்டி, திட்டையும் தோண்டிக் கரைத்து, அணை கட்டி, பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வாவியின் அந்தப் பக்கம் முழுக்க ஒரே வெளி.

கடைக்கு முன்னால் வந்தாறுமூலையிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் நின்றார்கள். கழுத்தில் நான் ஒரு காலத்தில் மாட்டியதுபோலத் தூரக் கண்ணாடிகள். வாவிக் கரைகளில் எங்கெங்கே கழுகுகள் கூடு கட்டின என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்களாம். கடை வாங்கில் ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீசை முழுக்க நரைத்திருந்ததால் தங்கராசா அண்ணன் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது.

"ஐயா, பெரிய பருந்து இஞ்ச கூடு கட்டினதா?"

"இல்ல மனே."

"முந்தி எப்பயாவது?"

"எந்தக் காலத்திலயும் இல்ல. நான் இஞ்சயே பொறந்து வளந்தவன்."

அப்போது அவர் என்னைக் கண்டார். முகம் மாறவில்லை. "எப்படி புள்ள, சுகமா?" என்றார். நான் சுகம் என்றேன். அவ்வளவுதான். இத்தனை வருடத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் இருந்தது.

பிள்ளைகளில் ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்களுக்கு இந்த இடம் தெரியுமா? நீங்க ஏதும் கண்டிருக்கீங்களா?"

அவர் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "இருந்தது," என்றேன். "ஒரு பரண் இருந்தது. பருந்து கூடு கட்டிக் குஞ்சு பறந்தது."

பிள்ளைகள் எல்லோரும் கிட்ட வந்தார்கள். "எங்க அக்கா? காட்டுங்க."

கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் தெரிந்தது, எதை வைத்துக் காட்டுவது? திட்டு இல்லை, கண்ணா இல்லை, மருதமரத்தின் அடிகூட இல்லை. எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீராக இருந்தது. என் கை அங்கும் இங்கும் தடுமாறி, ஏதோ ஓர் இடத்தில் நின்றது. "அங்க," என்றேன்.

"அங்க இல்ல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணன் எழும்பவில்லை, திரும்பவில்லை. வாவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒள்ளம் இடப்பக்கம்."